பிணம் சிரிக்க வேண்டும்

மூக்கில் பஞ்சோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள்.

பிணத்துக்குக் கோபம் வரக் கூடாது. வந்தால் வயிறு அசையும்.

அசைந்தது.

"கட்! வேணிக்கா, வயிறு தெரியுது. மூச்சப் புடிச்சுக்குங்க. ஒன் மோர் போயிரலாம்."

இன்னொரு தடவை எடுத்தால், வசந்தன் அந்த வசனத்தை இன்னொரு தடவை சொல்வான்.

பதினோரு வருடமாக டிவியில் ஓடுகிற நகைச்சுவைத் தொடர் அது. அதில் அவள் கோமதி. வசந்தன் கோமதியின் கணவன். இன்றைக்குக் கோமதி செத்துப்போகிறாள். துக்கம் கேட்க, மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சின்னப் பெண் வருவாள். அடுத்த மாதம் வசந்தன் அவளைக் கட்டிக்கொள்வான். பார்க்கிற கூட்டம் குறைந்துவிட்டதாம். புதுப் பெண்டாட்டி வந்தால் கூடுமாம்.

செத்துத் தொலைகிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள். கோமதி செத்துக் கிடக்கிற இடத்தில் மட்டும் சிரிப்புச் சத்தம் போடக் கூடாது.

"என் பொண்ணு மேல சத்தியம்க்கா" என்றான் இயக்குநர் ஜெகதீசன்.

அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். எடிட்டிங் அறையில் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. ஒரு தட்டு தட்டினால் ஒரு மண்டபமே சிரிக்கும். அவள் நாற்காலியை உடைத்தால் சிரிப்பு. ஆட்டோவுக்குள் மாட்டிக்கொண்டால் சிரிப்பு. இன்னொரு தோசை கேட்டால் அதற்கும் சிரிப்பு.

போன வருடம் அவளுடைய சொந்தப் புருஷன் போய்ச் சேர்ந்தார். வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தது. மாலையோடு உள்ளே வந்த இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்ததும் குபுக்கென்று சிரித்துவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பழகிய வாய், சிரித்துவிட்டது. அது தெரிந்ததால்தான் அவளுக்கு வயிறு இன்னும் எரிந்தது.

ஒரே ஒரு தடவை ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கட்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"ஆக்‌ஷன்!"

வசந்தன் தலைமாட்டில் உட்கார்ந்து விசும்பினான். நன்றாகத்தான் அழுவான், படுபாவி. கண்ணைத் துடைத்தான். பிறகு, தாளில் எழுதாத அந்த வசனம்.

"ஐயோ கோமதி! உன்னத் தூக்க நாலு பேர் எப்பிடிடி பத்தும்? யாராச்சும் கிரேனுக்குச் சொல்லி விடுங்களேன்!"

விளக்குப் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாடி வீட்டுப் பெண் சிரித்தாள். ஜெகதீசன் சிரித்தது தனியாகக் கேட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் பிடித்த மூச்சுதானே. வயிறு அசையவில்லை.

"ஓகே! பிரமாதம்ணே. இத அப்பிடியே வெச்சுக்கலாம்."

வெச்சுக்கலாமாம். அந்த வசனம் இருந்தால் அதன் பின்னாலேயே மண்டபச் சிரிப்பும் வரும். பெற்ற பெண் மேல் செய்த சத்தியம் இவ்வளவு லேசாகப் போயிற்று.

எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள்.

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது வழக்கம். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுக்க வேண்டும். அப்புறம்தான் பூசணிக்காய் உடைப்பார்கள். சிரிக்காமல் எழுந்து போனால் நடித்தவருக்கும் ஆகாது, கூட நடித்தவருக்கும் ஆகாது.

"சிரிங்கக்கா" என்றான் ஜெகதீசன்.

அவள் கேமராவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அக்கா, லேசா. பல்லு தெரிஞ்சாப் போதும்."

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பூசணிக்காய் மேல் ஏற்றிய கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. வசந்தனுக்கு முகம் வெளுத்தது. சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் காரில் ஏறாதவன் அவன்.

"வேணி, விளையாடாத. உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா."

நல்லதாம். உயிரோடு இருக்கிறவளை இத்தனை வருடம் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவனுக்கு, பிணம் சிரிக்காததில் பயம் வந்துவிட்டது.

கழுத்து மாலையைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள். அவன் தேள் விழுந்ததுபோல் துள்ளி எழுந்தான். மாலை தரையில் சிதறியது.

"என் சிரிப்பு எதுக்கு? அதான் உள்ள மண்டபம் மண்டபமா சிரிப்பு வெச்சிருக்கீங்களே. அதுல ஒண்ண எடுத்து ஒட்டிக்குங்க."

சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் அவள் வாய் திறந்தால் யாராவது ஒருத்தர் சிரிப்பார்கள். தண்ணீர் கேட்டால்கூடச் சிரிப்பார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. கற்பூரம் அணைந்தது. ஜெகதீசனுக்குக் கட் சொல்லத் தோன்றவில்லை.

வாசலில் அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அமைதியை முழுசாகக் கேட்டு முடித்த பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.