பெட்டிக்கு வந்த மரியாதை

உபகாரமேரி அன்று காலையிலும் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சிலுவை போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த மகள் ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னே? போன மாதம்வரை அந்தப் பெட்டிதான் அம்மாவுக்குப் பரம எதிரி. சங்கராபுரத்தில் பழசாக வாங்கி, ஷைனியே திருகாணி முடுக்கிச் சேர்த்தது. விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டாள், கலர் கலராக எரியும் கீபோர்டு மாட்டினாள். கம்ப்யூட்டரில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வேலை சுவிட்சை அணைப்பது.

அதனால்தான் கல்லூரிக் கடைசி வருட புராஜெக்ட் வந்ததும் ஷைனிக்கு முதலில் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. கரும்பு இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் புரோகிராம். கச்சிராயபாளையம் வயல்களில் எடுத்த ஒன்பதாயிரம் படங்களைக் கம்ப்யூட்டர் நிற்காமல் பார்த்துப் பழக வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. பாதியில் சேமிக்கும் வரியை எழுத ஷைனி மகாராணி மறந்துவிட்டாள்.

பயந்துகொண்டேதான் அம்மாவிடம் சொன்னாள்.

"எத்தினி நாளுடி ஓடணும்?"

"மூணு வாரம்மா. பெட்டி சூடாதான் இருக்கும், பயப்படாத."

உபகாரமேரி பெட்டியின் பின்பக்கக் காற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ராத்திரியிலும் இதே சூடு இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றாள் ஷைனி.

"அப்போ ஓடிக்கினே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து பெட்டிக்கு ராஜ மரியாதைதான். பின்னால் தூசி அண்டாமல் பழைய புடவையை மறைப்பாகக் கட்டினாள். டிவிக்கு இருந்த இன்வெர்ட்டர் லைனைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொல்லி, சீரியலையே தியாகம் செய்தாள். வீட்டுக்காரர் சூசை சுவிட்சு பக்கம் போனால்கூட விரட்டினாள். வேளைக்கு ஒருதரம் புடவைக்குள் கையை விட்டு அவளே பார்த்துக்கொண்டாள், ஷைனியைக் கிட்டே விடவில்லை. தன் அம்மாவைப்போல் உண்டா என்று ஷைனி தோழிகளிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாள்.

இருபத்தோராவது நாள் மதியம், திரையில் தொண்ணூற்றொன்பது சதவீதம். இன்னும் ஆறு மணி நேரம்தான். ஷைனி சோற்றுத் தட்டோடு எதிரே உட்கார்ந்தாள். பட்டென்று திரை இருண்டது.

கரண்ட் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சில் கை வைத்தபடி நின்ற அம்மாவைப் பார்த்ததும் ஷைனிக்கு அழுகையே வந்துவிட்டது. உபகாரமேரியோ சிரித்த முகமாக, பெட்டிக்குப் பின்னாலிருந்து வைக்கோல் போட்ட கூடை ஒன்றைப் பக்குவமாக இழுத்தாள். கூடைக்குள் கீச்கீச்சென்று சத்தம்.

"பதினோரு முட்டையும் பொரிஞ்சிடுச்சு, இன்னும் எதுக்குடி கரண்ட் வேஸ்ட்டு?"