ஜாதாவின் முன்னால் ஓர் ஆட்டோ

“வண்டியைத் திருப்பு சேச்சி! இன்னிக்கு இந்த ரோட்டுல ஒரு எஞ்சினும் ஓடாது, கேட்டோ!”

கொடிக் கம்பை ஆட்டோவுக்குக் குறுக்கே நீட்டியபடி நின்றான் ஷாஜி. அவனுக்குப் பின்னால் பாளையம் சந்திப்பு முழுக்க ஆட்கள். பெட்ரோல் விலை ஏறியதைக் கண்டித்து ரயில்வே ஸ்டேஷன் வரை ஊர்வலம், அவர்கள் பேச்சில் ஜாதா. ஸ்கூட்டர், பைக், கயிறு கட்டி இழுத்த ஒரு பழைய கார் என்று எல்லாம் இருந்தன. ஒன்றிலும் எஞ்சின் ஓடவில்லை, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். விலை ஏறினால் திருவனந்தபுரத்தில் வண்டி தள்ளுவது வழக்கம்தான். ஆனால் அது இன்றைக்குத்தானா வரவேண்டும்?

பின் சீட்டில் சுமி ஹால் டிக்கெட்டைப் பிடித்தபடி இருந்தாள். தம்பானூர் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை. நேரமானதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் யார் அழுதாலும் திறக்க மாட்டார்கள். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிவதால் அடுத்த பரீட்சை என்ற பேச்சே இல்லை. போனக்காட்டு மலையிலிருந்து இறங்கி வரும்போது எஸ்டேட் பாதையில் கால் பிசகி, கணுக்கால் வேறு வீங்கிவிட்டது. பஸ்ஸையும் பாளையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கிடைத்தது இந்த ஆட்டோவும் அதை ஓட்டுகிற செல்லபாயும்தான்.

செல்லபாய் பாறசாலைக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டே பேசினாள்.

“தம்பி, இந்தப் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கு. காலும் வய்யாது. ஒரு ஓரமா போயிக்கிடுதேன்.”

“ஒரு வண்டிய விட்டா எல்லாத்தையும் விடணும் சேச்சி. சமரம்னா சமரம்தான். திருப்பு.”

“அக்கா, நான் நொண்டிக்கிட்டே நடந்து பாக்கறேன்” என்றாள் சுமி.

“நீ அனங்காம இரி மக்ளே.”

செல்லபாய் ஷாஜியை ஒரு முறை முறைத்துவிட்டு ஹாண்டிலை ஒடித்தாள். ஆட்டோ பாதி திரும்பியது. இரண்டு தரம் இருமியது. நட்ட நடு ரோட்டில் குறுக்காக நின்றே போனது.

“போச்சு! பெட்ரோல் தீந்துது!” என்று இறங்கினாள் செல்லபாய்.

“உள்ளதைச் சொல்லு, தீந்துதா?” ஷாஜிக்குச் சந்தேகம்.

அவ்வளவுதான். செல்லபாய்க்குச் சாமி வந்ததுபோல் ஆகிவிட்டது.

“ஏன்டே, நீ கொடி பிடிச்சுக் கூவுத அதே விலைக்குத்தானே நானும் பெட்ரோல் அடிக்கேன்? எனக்கு மட்டும் எண்ணெய்க் கெணறு எழுதி வச்சிருக்கா? ஓடுனா பெட்ரோல் தின்னுது, ஓடலேன்னா வயிறு காயுது. வெல ஏத்துனவன் ஒரு பக்கம், வழி மறிக்க நீங்க ஒரு பக்கம். நடுவுல கெடந்து சாவது நாங்க! நீங்க டி.வி.க்காரனுக்குத் தள்ளுதீங்க. நான் நெசத்துக்குத் தள்ளுதேன். தள்ளி நில்லு!”

முந்தானையை இடுப்பில் செருகினாள். ஆட்டோவின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தாள். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. சுமிக்குக் கண்ணீர் முட்டியது. இந்த அம்மாளுக்கு நான் யார்? எதற்கு இப்படிக் கிடந்து பாடுபடுகிறாள்?

அதற்குள் இரண்டு கேமராக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஷாஜி கேமராவைப் பார்த்தான், வேர்த்து விறுவிறுத்து நின்ற செல்லபாயையும் பார்த்தான். எது அவன் மனதை மாற்றியது என்பது அவனுக்கே வெளிச்சம்.

“பிடிங்கடா! சேச்சியோட ஆட்டோதான் இன்னிக்கு ஜாதாவுக்கு முன்னால!”

பத்துப் பதினைந்து கைகள் ஆட்டோவைப் பிடித்தன. செல்லபாய் ஏறி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரர்களே தடுப்பை நகர்த்தி வழிவிட்டார்கள். தலைமைச் செயலகம் பின்னால் போனது. ஓவர்பிரிட்ஜ் இறக்கத்தில் தள்ளுகிறவர்கள் ஓடவே வேண்டியிருந்தது. கோஷம் போட்டதில் செல்லபாயின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. சுமியும் தன்னை மறந்து இரண்டு கோஷம் போட்டுவிட்டாள்.

ஜாதா ஸ்டேஷன் வாசலில் நின்றது. ஷாஜியும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் ஆட்டோவை அடுத்த தெருவுக்குத் தள்ளி வந்து, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார்கள். கேட் திறந்தே இருந்தது. சுமிக்கு உயிர் வந்தது.

ஷாஜி ஒரு பாட்டிலை நீட்டினான். “சேச்சி, என் பைக்குல இருந்து எடுத்த பெட்ரோல். ஊத்திக்கோ.”

“வேண்டாம்டே. இந்த வெலைக்கு வாங்குனத இனாமா வாங்கிட்டுப் போனா எனக்கு ஒறக்கம் வராது. கொண்டு போ.”

ஷாஜி பாட்டிலை இடுக்கிக்கொண்டான். கையை உயர்த்தி ஒரு சல்யூட் வைத்துவிட்டு, கூட்டாளிகளோடு திரும்பி நடந்தான்.

“வாங்கியிருக்கக் கூடாதாக்கா? இனி எப்படித் திரும்பிப் போவீங்க? பம்பு வரைக்கும் யாரு தள்ளுவா?” சுமிக்குப் பரீட்சைகூட மறந்துவிட்டது.

ஷாஜி தெருமுனை திரும்பி மறையும் வரை செல்லபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அடைத்து வைத்திருந்த பெட்ரோல் குழாயைத் திறந்தாள். சாவியைத் திருப்பினாள். ஆட்டோ சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது.

“காலைலதான் மக்ளே டேங்க் நெறச்சேன். ஊரே கோஷம் போட்டுது, ஒரு சொட்டு எரிக்காம சவாரி ஓட்டுனவ நான் ஒருத்திதான். போ, போயி நல்லா எழுது!”