ஏழாவது அட்டை

பெரியவருக்குக் காலையில் பேசியது மாலையில் நினைவில் நிற்பதில்லை. அதனால் மனநல ஆலோசகர் அம்மா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு வியாழனும் பேசி முடித்ததும், அன்று புரிந்துகொண்டதை அவரே தன் கைப்பட ஓர் அட்டையில் தேதி போட்டு எழுதி, வாய்விட்டுப் படித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘கதவு சாத்தும் சத்தம் வேறு, அந்தத் தீ வேறு.’ இது மூன்றாவது அட்டை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் வேலை பார்த்த கிடங்கு எரிந்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

"நீங்கதான் மாமா பூட்டினீங்க. பதட்டத்துல மறந்துட்டீங்க," என்று அங்கேயே வேலை பார்த்த மச்சினன் சொன்னான். அவரும் நம்பினார். விசாரணையில் அப்படியே ஒப்புக்கொண்டு வேலையை இழந்தார். வாராவாரம் அவரை ஆலோசகரிடம் அழைத்து வருபவனும் அந்த மச்சினன்தான்.

இதுவரை போனது ஆறு வியாழன். புதன்கிழமை சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஏழு அட்டைகள் இருந்தன. ஏழாவதிலும் அவர் கையெழுத்துதான். தேதி மட்டும் நாளையது.

‘பூட்டியது மச்சினன். அவன் வாயாலேயே சொன்னான்.’

மறுநாள் மச்சினன் வழக்கம்போல் வெளியே பெஞ்சில் உட்காரவில்லை.

"நானும் உள்ள வரட்டுமா மாமா? ஒண்ணு சொல்லணும். எப்படியும் சாயங்காலத்துக்குள்ள மறந்துடப் போறீங்க."

அவன் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆலோசகர் புது அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

"எழுதியாச்சும்மா," என்று சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார் பெரியவர்.