ஒரு மக் தண்ணீரில் காய்த்த பூசணி

"வெட்டி எறி தம்பி. அந்தக் குழாய் அங்க இருக்கவே கூடாது."

செக்ரட்டரி சார் பின்சுவரைக் காட்டினார். மாடி வீட்டிலிருந்து இறங்கிய ரப்பர் குழாய், தண்ணீர் பாயும் வேகத்தில் சுவரில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் பிளம்பர். பத்தாவதோடு படிப்பை விட்டாச்சு. ஏன்னு கேட்டவங்க போதும், நீங்களும் கேட்காதீங்க.

மொத்தக் குடியிருப்புக்கும் ஒரே தொட்டி. கோடை வேறு. மாடி வீட்டு அக்கா தினமும் தண்ணீரைக் கொட்டிப் பாழாக்குகிறார் என்று சாருக்குக் கடுப்பு.

"என் பூசணியைப் பாரு. காலையில ஒரே ஒரு மக் தண்ணி. சிக்கனம்னா இது."

கொடி வேலியை மூடிக் கிடந்தது. ஒவ்வொரு காயும் தலையணை சைஸ். எல்லா வீட்டுக்கும் காய் கொடுத்தாராம், மாடி வீட்டுக்கு மட்டும் இல்லையாம். தண்ணியோட அருமை தெரியாதவங்களுக்குக் காய் எதுக்கு என்றார்.

பீத்தல் தாங்காமல் மாடிக்கு ஏறினேன், தண்ணீரை நிறுத்தச் சொல்ல. அக்கா வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். சோப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, கடைசி அலசல் தண்ணீரை மட்டும் இந்தக் குழாயில் விடுவாராம். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை.

"வெட்டிக்கோ. ஆனா குழாயோட முனை எங்க இருக்குன்னு முதல்ல பாரு. பார்த்துட்டு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

"ஏங்க்கா?"

"தனி மனுஷன். அந்த ஒரு மக்கை நம்பித்தான் காலையில எழுந்திருக்கிறார்."

கீழே வந்தபோது சார் வீட்டுக்குள் போயிருந்தார். குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். அது பூசணி இலைகளுக்கு அடியில் நுழைந்தது. இலையைத் தூக்கினேன். முனை வேரடியில் புதைந்திருந்தது. மண் ஜில்லென்று சேறாக இருந்தது. சாருக்கு முட்டி மடங்காது. குனிந்து பார்த்தே இருக்கமாட்டார்.

வெட்டினால் கொடி கருகும். சொன்னால் மனுஷன் கருகுவார்.

குழாயைச் சார் கண்ணில் படாதபடி மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் தள்ளி, அசையாமல் சுவரோடு கிளிப் போட்டு இறுக்கினேன். இலையை இழுத்து மூடினேன்.

"இனிமே சத்தம் வராது சார்."

பொய்யில்லையே.

வெட்டியாச்சு என்று நினைத்த சாருக்கு ஒரே குஷி. இருப்பதிலேயே பெரிய காயைப் பறித்து என் கையில் வைத்தார்.

"உன் வீட்டுக்குக் கொண்டு போ. மாடி வீட்டுக்கு மட்டும் கொடுத்துடாதே."

தலையாட்டினேன். மாடிப்படி ஏறும்போதுதான் தெரிந்தது, காய் செம கனம்.