கைமாறும் கரடி

2022 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது, வெளியே தூறல். தத்து உத்தரவுக்காக மரகதவல்லி கலெக்டர் அலுவலகத் தாழ்வாரத்தில் காத்திருந்தாள். மடியில் இரண்டரை வயதுத் தேன்மொழி. குழந்தையின் கையில் துணிக்கரடி. தேன்மொழி முன்பு வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில் பொம்மைகள் குறைவு. ஆயா கைதட்டினால், ஒவ்வொரு குழந்தையும் தன் பொம்மையைப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். உத்தரவுக்கு முந்தைய வளர்ப்புக்காக மரகதவல்லியின் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகியும் யார் கைநீட்டினாலும் தேன்மொழி எதையும் கொடுத்துவிடுவாள், அவர்களிடமே போயும்விடுவாள். தங்கமான பிள்ளை என்றார்கள் அண்டைவீட்டார். தன்னையும் அப்படியே விட்டுப் போய்விடுவாளோ என்று மரகதவல்லி பயந்தாள்.

எதிர் பெஞ்சில் ஒரு குட்டிப் பையன் கரடியைக் கேட்டு அழுதான். கோப்போடு வந்திருந்த இல்லத்து ஆயா அமலோற்பவம் பழக்கத்தில் கைதட்டினாள். "குடுத்துரு கண்ணு."

தேன்மொழி கரடியை நீட்டினாள். பையன் அதன் காதைப் பற்றினான். அவள் விடவில்லை.

"என்னுது."

அவன் இழுத்தான். தேன்மொழி அவன் மணிக்கட்டைக் கடித்தாள்.

"நாங்க அனுப்பும்போது இப்படி இல்லையே! நல்லா வளத்தீங்கம்மா," என்றாள் அமலோற்பவம்.

பல் ஆழப் பதியவில்லை என்று பார்த்துக்கொண்ட மரகதவல்லிக்கு, கண்டிக்க வேண்டும் என்று தெரிந்தும் மனம் வரவில்லை. பையனின் அலறல் கேட்டு அலுவலகக் கண்காணிப்பாளர் வெளியே வந்தார்.

"யாரோட பிள்ளைம்மா இது, ஆபீஸ்ல ஆளைக் கடிக்குது?"

உத்தரவு நின்றாலும் நிற்கட்டும் என்று மரகதவல்லி எழுந்தாள்.

"என் பிள்ளைதான் சார்."

"அப்ப இதைப் பிடிங்க," என்று கலெக்டர் கையெழுத்திட்ட தாளை அவர் நீட்டினார்.