சாவுத் தப்பு கலந்த பாட்டு

"யாரும்மா செத்தது?" என்று வாசலில் மாடசாமியின் குரல் கேட்டது.

சுபாஜினி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். கொட்டுகிற காலை மழையில், மலைச்சரிவில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துச் சனம் மொத்தமும் இறங்கி வந்து நின்றது.

"யாரும் சாகல மாமா. நான் மிக்ஸ் பண்ணின பாட்டு. எலக்ட்ரானிக், ஹிப்ஹாப்போட நம்ம சாவுத் தப்பு மேளத்தையும் கலந்திருக்கேன்."

"கெம்பஸ் போய்க் கிழிச்சது இதுதானா?" இராக்கம்மா தலையில் போர்த்தியிருந்த சாக்கை உதறினாள். "அந்த அடி கேட்டா போட்டது போட்டபடி ஓடி வருவோம்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. மலையில வெடிப்பு விட்டிருக்கு, வேற எடம் குடுங்கன்னு தோட்டத்துத் தொரைகிட்டக் கேக்கக் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல. சாவுன்னாத்தான் வர்றீங்க."



"எம்மவன் நிமலன் அப்பவே சொன்னான்," என்று இராக்கம்மா முனகினாள். "‘ஓடாதம்மா, அது சுபா பாட்டு’ன்னு கட்டில்ல கெடந்து சிரிச்சான். நான்தான் நம்பல."

சுபாஜினிக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பாட்டை முந்தின நாள் அவன் ஒருவனுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

மேலே இடி போல ஒரு சத்தம் எழுந்தது. இடியென்றால் நின்றிருக்கும். இது உருண்டுகொண்டே இருந்தது.

மழை விட்டபோது மேல் லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. பெண்கள் இராக்கம்மாவை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"ஒம் பாட்டுத்தாம்மா எங்க உசிரக் காப்பாத்திச்சு," என்று மாடசாமி சுபாஜினியின் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் சிக்னல் வந்தது. காலையில் நிமலன் அனுப்பிய செய்தி அவள் போனில் வந்து விழுந்தது.

"எல்லாரும் ஏமாந்து ஓடுறாங்க. நான் மட்டும் ஏமாறல."