கை பழகிய பெட்டி

விலை கூடிய கிதார் ஆம்ப்ளிஃபையர், முதலில் வாங்கியவரின் கையைப் பழகிக்கொள்ளும். பிறகு யார் வாசித்தாலும் அந்த முதல் கை வாசித்தது போலவே ஒலிக்கும். புது மாடல் வாங்குவதற்காக ரெமிஜியுஸ் தன்னுடைய பழைய பெட்டியை விற்க வந்திருந்தார்.

“வாங்குறவன் தன் வாசிப்பைக் கேக்கத்தானே வாங்குவான், அண்ணாச்சி? பாதி விலைதான்,” என்றான் கடைக்காரன் சாகுல்.

“என் கை நல்ல கைதானே? அதுக்குக் கூடப் போட்டுக் குடுடே.”

சாகுல் சிரித்தபடி கடைக் கிதாரைச் சாதாரண ஸ்பீக்கரில் மாட்டினான். “இதுல வாசிங்க, கைக்கும் ஒரு விலை போட்டுருவோம்.”

ரெமிஜியுஸ் வாசித்தார். ஸ்வரங்கள் நடுங்கின, தாளம் இடறியது.

“கம்பி பழசாடே?”

சாகுலின் சிரிப்பு நின்றது. “காலைலதான் மாத்துனேன், அண்ணாச்சி.”

அவர் தன் விரல்களைப் பார்த்தார். எப்போதிருந்து இப்படி என்பது அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்.

“விக்கலடே,” என்றார். “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிக்கணும்.”